சிவப்பு வெளுத்த ஐந்து ஓவியங்கள்

ஓவியர் மார்க் ராத்கோ என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது சிவப்புதான். அரக்கு, கருஞ்சிவப்பு, நாவல்பழ நிறம் என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, நின்று பார்க்கப் பார்க்க உள்ளேயிருந்து வெளிச்சம் கசிவதுபோல் இருக்கும் சிவப்பு. அந்தச் சிவப்பு காணாமல் போன ஒரு நிகழ்வைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோலியோக் சென்டர் கட்டடத்தில் பத்தாம் மாடியில் ஒரு விருந்து அறை இருந்தது. 1964-இன் தொடக்கத்தில் அந்த அறைச் சுவர்களில் ராத்கோவின் ஐந்து பெரிய ஓவியங்களை நிரந்தரமாக மாட்டினார்கள். பதினைந்தே ஆண்டுகளில், 1979-இல், அவற்றைக் கழற்றி இருட்டுக் கிடங்கில் வைக்க வேண்டியதாயிற்று. சிவப்பு வெளுத்துவிட்டது. சில இடங்களில் நீலம் மட்டும் மிஞ்சியிருந்தது. 2014-இல் அவை மறுபடி மக்கள் முன் வந்தபோது பழைய நிறத்தோடு வந்தன. ஆனால் அவற்றின்மேல் ஒரு துளி புதுச் சாயம்கூடப் பூசப்படவில்லை.

எப்படிப் போனது, யார் பொறுப்பு, எப்படித் திரும்ப வந்தது, திரும்ப வந்ததாகச் சொல்லலாமா என்பவை இதில் உள்ள கேள்விகள். அவற்றுக்குப் போகும் முன் ஓவியரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தன் படம் எந்த அறையில், எந்த வெளிச்சத்தில், யார் கண்முன் இருக்கிறது என்பதில் இவ்வளவு பிடிவாதமாக இருந்த இன்னொருவர் அந்தத் தலைமுறையில் இல்லை என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்டவரின் படங்களுக்குத்தான் இது நேர்ந்தது.

துவின்ஸ்க், போர்ட்லேண்ட், நியூயார்க்

1903 செப்டம்பர் 25 அன்று, அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த துவின்ஸ்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இன்று அந்த ஊர் லாட்வியாவில் தௌகவ்பில்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. அப்பாவுக்கு மருந்துக்கடைத் தொழில். அப்பாவும் அண்ணன்களும் முதலில் அமெரிக்கா போய்விட்டார்கள். 1913-இல் அம்மாவோடும் அக்காவோடும் கப்பலேறி ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்ட் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சிறுவனுக்கு வயது பத்து. குடும்பம் ஒன்றுசேர்ந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார்.

1921-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. 1923-இல் படிப்பை முடிக்காமலே கிளம்பி நியூயார்க் வந்துவிட்டார். ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் என்ற ஓவியப் பள்ளியில் மேக்ஸ் வெபரிடம் கொஞ்ச காலம் கற்றார். அப்புறம் 1929 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் புரூக்ளினில் ஒரு யூத மையத்தின் பள்ளியில் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். 1938-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார். ராத்கோவிட்ஸ் என்ற குடும்பப் பெயரை 1940-இல் ராத்கோ என்று சுருக்கிக்கொண்டார். சுரங்க ரயில் நிலையங்களில் நிற்கும் மெலிந்த மனிதர்களை வரைந்தார். போர்க்காலத்தில் கிரேக்கப் புராணங்களின் பக்கம் போனார். 1946 வாக்கில் உருவங்கள் கரைந்து வெறும் வண்ணத் திட்டுகளாயின. 1949, 1950 வாக்கில்தான் இன்று நாம் அறியும் வடிவம் அமைந்தது: நெடிய கித்தான், அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மிதக்கும் இரண்டோ மூன்றோ செவ்வகங்கள், விளிம்பு மங்கிப் பின்னணியில் கரையும் வண்ணம். அப்போது வயது நாற்பத்தாறைத் தாண்டியிருந்தது. இருபத்தைந்து ஆண்டுத் தேடலுக்குப் பிறகு கிடைத்த வடிவத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

ஜாக்சன் போலக், வில்லெம் டி கூனிங், பார்னெட் நியூமன் ஆகியோரோடு சேர்த்து அவரையும் அரூப வெளிப்பாட்டு ஓவியர், அதாவது உருவங்களை விட்டு வண்ணத்தாலும் வடிவத்தாலும் உணர்வைச் சொல்பவர், என்று வரலாறு வகைப்படுத்துகிறது. அவருக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. தான் அரூப ஓவியனே இல்லை என்றார். வண்ணங்களின் உறவிலோ வடிவத்திலோ தனக்கு ஆர்வம் இல்லை, துயரம், பரவசம், அழிவு போன்ற அடிப்படை மனித உணர்வுகளைச் சொல்வதில்தான் ஆர்வம் என்றார். தன் படங்களின் முன் நின்று அழுகிறவர்கள், வரையும்போது தனக்கு ஏற்பட்ட அதே சமய அனுபவத்தை அடைகிறார்கள் என்றும் சொன்னார். படிக்கும்போது மிகையாகத் தோன்றலாம். ஆனால் அவர் ஓவியம் தீட்டிய முறை இந்தப் பேச்சோடு பொருந்தித்தான் இருக்கிறது.

கித்தானுக்கு முதலில் முயல்தோல் பசையில் நிறமியைக் கலந்து பூசுவார். அதன்மேல் டர்பன்டைன் விட்டு நீர்க்கச் செய்த வண்ணத்தைப் பல அடுக்குகளாக ஏற்றுவார். சில அடுக்குகளில் முட்டை, சிலவற்றில் பிசின். ஒவ்வொரு அடுக்கும் மிக மெல்லியது. ஒளி மேல் அடுக்குகளைக் கடந்து உள்ளே போய்த் திரும்பி வரும். அதனால்தான் படமே ஒளிர்வதுபோல் தெரிகிறது. மேலே வார்னிஷ் கிடையாது. பளபளப்பு வந்தால் பார்ப்பவர் படத்துக்குள் நுழைய முடியாது, தன் முகத்தின் நிழலைத்தான் பார்ப்பார். பூச்சு மெல்லியது, மேற்பரப்பில் காப்பு எதுவும் கிடையாது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் ஹார்வர்டில் இவை வேறு விதமாகத் திரும்பி வரும்.

1961-இல் லண்டன் வைட்சேப்பல் கேலரியில் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவர் கொடுத்த குறிப்புகள் இன்னும் இருக்கின்றன. சுவர் தூய வெள்ளையாக இருக்கக் கூடாது, கொஞ்சம் பழுப்பும் துளி சிவப்பும் கலந்திருக்க வேண்டும். விளக்கு வெளிச்சம் கூசக் கூடாது. பெரிய படங்களைத் தரையை ஒட்டித் தொங்கவிட வேண்டும், ஏனென்றால் அவை அப்படித்தான் வரையப்பட்டன. பார்ப்பவர்கள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 1947-இல் எழுதிய சிறு குறிப்பு ஒன்றில், ஒரு படம் உணர்வுள்ள பார்வையாளரின் துணையால் உயிர் வாழ்கிறது, அதே காரணத்தால் இறக்கவும் செய்கிறது, ஆகவே அதை உலகத்துக்குள் அனுப்பிவைப்பது ஆபத்தான காரியம் என்ற கருத்தைச் சொல்லியிருந்தார். பெண்ணை முன்பின் தெரியாத வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கும் தகப்பனின் பதற்றம் அதில் இருக்கிறது.

திருப்பிக் கொடுத்த பணம்

ஹார்வர்டுக்கு முன்னால் ஒரு விருந்து அறை வந்துபோனது. 1958-இல் நியூயார்க் பார்க் அவென்யூவில் புதிதாக எழுந்த சீக்ரம் கட்டடத்தின் ஃபோர் சீசன்ஸ் உணவகத்துக்கு ஓவியங்கள் கேட்டார்கள். கட்டடத்தை வடிவமைத்தவர் மீஸ் வான் டெர் ரோ. உணவகத்தின் உள்வடிவம் ஃபிலிப் ஜான்சன். பேசிய தொகை 35,000 டாலர். பவரி தெருவில் ஒரு பழைய உடற்பயிற்சிக் கூடத்தை ராத்கோ வாடகைக்கு எடுத்து, அறையின் அளவுக்குச் சாரம் கட்டி, ஏறக்குறைய முப்பது படங்கள் வரைந்தார். வெளிர் நிறங்கள் எல்லாம் போய் அரக்கும் கறுப்பும் மட்டும் நின்றன. செவ்வகங்கள் திறந்த ஜன்னல்போல், மூடிய வாசல்போல் மாறின. ஃபுளோரன்ஸில் மைக்கேலாஞ்சலோ கட்டிய நூலகத்தின் முன்கூடத்தில், ஜன்னல்கள் எல்லாம் அடைக்கப்பட்டு மனிதன் சுவரில் முட்டிக்கொள்வதுபோல் உணர்கிறானே, அந்த உணர்வைத்தான் தேடுகிறேன் என்றார்.

1959-இல் கப்பல் பயணத்தில் சந்தித்த ஒரு பத்திரிகையாளரிடம், அந்த அறையில் சாப்பிடும் ஒவ்வொருவரின் பசியையும் கெடுக்க வேண்டும் என்று கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு சொன்னார். அந்த ஆண்டே உணவகம் திறந்தது. மனைவி மெல்லுடன் அங்கே ஒரு நாள் போய்ச் சாப்பிட்டார். திரும்பி வந்ததும் முடிவெடுத்துவிட்டார்: இவ்வளவு விலை கொடுத்து இப்படிச் சாப்பிடுகிறவர்கள் தன் படத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், படங்களைத் தானே வைத்துக்கொண்டார்.

அவற்றில் ஒன்பதைப் பின்னாளில் லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். டேட்டில் ஆங்கில ஓவியர் டர்னரின் படங்களுக்குப் பக்கத்தில் தன் படங்கள் இருக்கும் என்பது அவருக்குப் பெரிய ஈர்ப்பு. அந்த ஒன்பது படங்களும் லண்டன் போய்ச் சேர்ந்தது 1970 பிப்ரவரி 25 அன்று. அதே நாள் காலையில் நியூயார்க்கில் தன் ஓவியக்கூடத்தில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். வயது 66.

பத்தாம் மாடி

உணவகம் வேண்டாம் என்று வந்தவர் ஏன் மறுபடி ஒரு விருந்து அறைக்குச் சம்மதித்தார்? இது பல்கலைக்கழகம், இங்கே வருகிறவர்கள் வேறு மாதிரியானவர்கள் என்று நம்பியிருக்கலாம். முழு அறையையும் தன் படங்களால் சூழும் வாய்ப்பும் அவரை இழுத்திருக்கும். ஒற்றைப் படமாக விற்பதைவிட, ஓர் இடத்தையே உருவாக்க வேண்டும் என்ற ஆசை சீக்ரம் வேலையில் முளைத்து, நிறைவேறாமல் கிடந்தது.

ஹோலியோக் சென்டரை வடிவமைத்தவர் ஹோசெப் யூயிஸ் செர்ட். ராத்கோ ஆறு படங்கள் வரைந்தார். அறைக்கு ஐந்தைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றும் எட்டே முக்கால் அடி உயரம். மேற்குச் சுவரில் மூன்று சேர்ந்து ஒரு தொகுதி, எதிரே கிழக்குச் சுவரில் இரண்டு. வேலை நடந்துகொண்டிருந்தபோது பல்கலைக்கழகத் தலைவர் நேதன் பியூசி நியூயார்க் வந்து பார்த்தார். எப்படி இருக்கிறது என்று ராத்கோ கேட்க, கொஞ்சம் சோகமாக இருக்கிறது என்றாராம் பியூசி. ராத்கோவுக்கு அது பிடித்துப்போயிற்று. மூன்று படத் தொகுதியின் இருண்ட தன்மை பெரிய வெள்ளியன்று கிறிஸ்து பட்ட வேதனை, வெளிச்சம் கூடிய படம் உயிர்த்தெழுதல் என்று அவரிடம் விளக்கினார். படங்களுக்கு அர்த்தம் சொல்ல மறுத்தே பழகியவர் இவ்வளவு திறந்து பேசியது அபூர்வம்.

1963 ஜனவரியில் படங்களை அறையில் மாட்டிப் பார்த்தார்கள். பிறகு நியூயார்க் குகன்ஹெய்ம் அருங்காட்சியகத்தில் சில வாரங்கள் காட்சிக்கு இருந்தன. 1964 தொடக்கத்தில் மறுபடி ஹார்வர்டுக்கு வந்து நிரந்தரமாகச் சுவரேறின. சுவருக்கு மஞ்சள் கலந்த பச்சை நிறத்தை ராத்கோவே தேர்ந்தார். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி ஜன்னல்கள் இருந்த அறை அது. வெயிலைத் தடுக்கக் கண்ணாடியிழைத் திரைச்சீலைகள் போடப்பட்டன. படங்களைப் பல்கலைக்கழகத்துக்கு அன்பளிப்பாகவே கொடுத்தார்.

திரைச்சீலை மூடியே இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் பத்தாம் மாடி. கேம்பிரிட்ஜ் நகரம் முழுவதும் காலடியில் தெரிகிறது. சாப்பிட வந்தவர்கள் திரையை விலக்கிவிட்டு வெளியே பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஜன்னல் உள்ள அறையில் இருப்பவர் ஜன்னலைத் திறக்கத்தான் செய்வார். வெயில் நாள்தோறும் உள்ளே வந்தது. அறை விருந்துக்கும் கூட்டத்துக்கும் விழாவுக்கும் வாடிக்கையாகப் பயன்பட்டது. நாற்காலி இடித்தது, உணவு தெறித்தது, கித்தானில் கிழிசல் விழுந்தது, யாரோ கிறுக்கினார்கள். கிழிசலைத் தைக்கலாம், கறையைத் துடைக்கலாம். நிறம் போனதற்கு மருந்து இல்லை.

லித்தால் சிவப்பு

காரணத்தைத் தேடிய ஹார்வர்டின் பாதுகாப்பு வல்லுநர்கள் கண்டுபிடித்தது ஒரு நிறமியை. லித்தால் சிவப்பு என்பது அதன் பெயர். செயற்கை முறையில் செய்யப்படும் கரிம நிறமி. விலை குறைவு, நிறம் பிரகாசம், அச்சு மைகளில் அதிகம் பயன்பட்டது. ஒளியில் நிற்காது என்பதுதான் அதன் குறை. அதை ராத்கோ அல்ட்ராமெரின் நீலத்தோடு கலந்து அந்த நாவல்பழ நிறத்தை உண்டாக்கியிருந்தார். அல்ட்ராமெரினை வெயில் அசைக்காது. எனவே வெயில் பட்ட இடமெல்லாம் சிவப்பு மட்டும் கலவையிலிருந்து கழன்று போக, நீலம் தங்கிவிட்டது. ஒரு படத்தின் சில பகுதிகள் வெளிர் நீலமாகவே மாறிவிட்டன.

சாயத்துணியை நிழலில் உலர்த்து என்று வீட்டில் சொல்வதன் பின்னால் உள்ள விஷயம்தான் இது. கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் புற ஊதாக் கதிரிலும் உள்ள ஆற்றல் நிறமி மூலக்கூறைச் சிதைக்கிறது. சிதைந்த மூலக்கூறு பழையபடி ஒளியை உறிஞ்சாது, நிறம் போய்விடும். இந்த ஐந்து படங்களிலும் வெளுப்பு ஒரே சீராக இல்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது அதிகம் வெளுத்தது, தள்ளி இருந்தது குறைவாக. ஒரே படத்திலேயே ஓரிடத்துக்கு இன்னோரிடம் வேறுபாடு. ஐந்து படங்களும் சேர்ந்து ஒரே குரலில் பேச வேண்டும் என்று அமைக்கப்பட்டவை. அந்த ஒத்திசைவு போனதுதான் எனக்குத் தனித்தனி நிறம் போனதைவிடப் பெரிய இழப்பாகப் படுகிறது.

அப்படியானால் யார் பொறுப்பு? நிறமியைத் தேர்ந்தவர் ராத்கோ. உணர்ச்சிக்குச் சரியான சிவப்பைத் தேடுகிறவர் டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பதில்லை. மெல்லிய பூச்சு வேறு, வார்னிஷும் கிடையாது. தடித்த பூச்சாக இருந்திருந்தால் அடியில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். எந்தக் குணங்கள் அந்தப் படங்களை ஒளிரச் செய்தனவோ அவையே அவற்றை வெயிலுக்கு எளிதாக்கின. ஆனால் இதை வைத்து அவர்மேல் பழி முழுவதையும் போட எனக்குச் சம்மதமில்லை. அவர் திரை போட வைத்தார். மங்கலான வெளிச்சம் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் படங்கள் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இல்லாமல், ஓர் அறையின் பகுதியாக, அறையைப் பயன்படுத்துவோரின் கையில் இருந்தன. திரையைத் தினமும் யார் மூடுவது என்பது யாருடைய வேலையாகவும் இல்லை. நிறமியின் பலவீனம் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதை இழப்பாக மாற்றியது அந்தக் கவனமின்மைதான்.

இன்னொரு கையில் நடந்தது

படங்கள் பத்தாம் மாடியில் வெளுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நியூயார்க் நீதிமன்றத்தில் ராத்கோவின் மற்றப் படங்களுக்காக ஒரு வழக்கு நடந்தது. அவர் விட்டுப்போனவை 798 ஓவியங்கள். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை நம்பிக்கையானவர்கள் என்று கருதிய மூவரிடம் கொடுத்திருந்தார்: கணக்காளர் பெர்னார்ட் ரீஸ், ஓவியர் தியோடரோஸ் ஸ்டாமோஸ், பேராசிரியர் மார்ட்டன் லெவின். அவர் இறந்த சில மாதங்களிலேயே அவர்கள் நூறு படங்களை மார்ல்பரோ கேலரிக்கு 18 லட்சம் டாலருக்கு விற்றார்கள். அதுவும் வட்டியில்லாமல் பன்னிரண்டு ஆண்டுத் தவணையில். மீதி 698 படங்களையும் அதே கேலரியிடம் 50 சதவீதம் கமிஷனுக்கு விற்கக் கொடுத்தார்கள். ரீஸ் அந்தக் கேலரி நிறுவனத்தில் பதவியில் இருந்தவர். ஸ்டாமோஸ் பிறகு அதே கேலரியோடு தன் ஓவியங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்.

கேட் என்ற மகளுக்கு அப்பா இறக்கும்போது வயது 19. தம்பி கிறிஸ்டபருக்கு 6. ஆறே மாதத்தில் அம்மாவும் போய்விட்டார். அந்தப் பெண் 1971-இல் வழக்குத் தொடுத்தார். 1975 டிசம்பரில் நீதிபதி மில்லார்ட் மிடோனிக் மூவரையும் பொறுப்பிலிருந்து நீக்கி, ஒப்பந்தங்களை ரத்து செய்து, 90 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடும் அபராதமும் விதித்தார். 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விற்ற அன்றைய விலையோடு நிறுத்தாமல், வழக்கு நடந்த காலத்துக்குள் ஏறிவிட்ட மதிப்பையும் கணக்கில் எடுத்தது இந்தத் தீர்ப்பு. சொத்துப் பொறுப்பாளர்களின் கடமை பற்றிப் பேசும்போது அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். பிறகு சீரமைக்கப்பட்ட ராத்கோ அறக்கட்டளை தன் படங்களை விற்காமல் அருங்காட்சியகங்களுக்குப் பகிர்ந்தளித்தது. பெரும் பங்கு வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்துக்குப் போனது.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. விற்கப்பட்ட படங்களை மீட்க ஒரு சட்டம் இருந்தது, இருபது வயதில் அதைப் பிடித்துக்கொண்டு போராட ஒரு மகள் இருந்தார். ஹார்வர்ட் படங்கள் யார் வீட்டுக்கும் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்காக வழக்குப் போட யாரும் இல்லை.

ஒளியால் பூசியது

1979-க்குப் பிறகு படங்கள் கிடங்கில் கிடந்தன. 1988-இல் ஒருமுறை காட்சிக்கு வந்தன. அப்புறம் மறுபடி இருட்டு. வல்லுநர்களுக்குக் கை வைக்க வழியில்லை. வழக்கமாகப் பழைய ஓவியத்தில் சாயம் உதிர்ந்த இடத்தை மட்டும் நிரப்புவார்கள். அப்படி நிரப்பியதைப் பின்னால் வேண்டுமானால் நீக்கவும் முடிய வேண்டும் என்பது அந்தத் தொழிலின் அடிப்படை விதி. இங்கே உதிரவில்லை, வெளுத்திருக்கிறது, அதுவும் முழுப் பரப்பிலும். சரிசெய்ய வேண்டுமானால் படம் முழுவதையும் திரும்பப் பூச வேண்டும். வார்னிஷ் இல்லாத மேற்பரப்பில் புதுச் சாயம் உள்ளே ஊறிவிடும், எடுக்கவே முடியாது. அப்புறம் அது ராத்கோவின் படமாக இருக்காது.

நிறம் என்பது பொருளில் மட்டும் இருப்பதில்லை, விழும் ஒளியிலும் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு ஒரு யோசனை வந்தது. நாராயண் காண்டேகர் பணியாற்றிய ஹார்வர்டின் ஸ்ட்ராஸ் பாதுகாப்பு மையமும் எம்.ஐ.டி. மீடியா லேபும் சேர்ந்து பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். வெளுத்த படத்தின்மேல், எந்த இடத்தில் எந்த நிறம் எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் புரொஜெக்டரால் ஒளியாக விழச் செய்வது. வெளுத்த படமும் விழும் ஒளியும் சேர்ந்து கண்ணுக்குப் பழைய நிறமாகத் தெரியும்.

முதலில் பழைய நிறம் என்னவென்று தெரிய வேண்டும். 1964-இல் எடுத்த எக்டாக்குரோம் வண்ணப் புகைப்படங்கள் இருந்தன. ஆனால் அந்தப் புகைப்படங்களின் நிறமும் வெளுத்திருந்தது! ஓவியத்தை மீட்க வந்தவர்கள் முதலில் புகைப்படத்தை மீட்க வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக வல்லுநர்கள் அதைக் கணினியில் சரிசெய்தார்கள். சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாட்சி கிடைத்தது: அறையில் மாட்டப்படாமல் ஒதுக்கப்பட்ட ஆறாவது படம். வெயிலைப் பார்க்காததால் அதன் சிவப்பு அப்படியே இருந்தது. வேண்டாம் என்று வைத்த ஒன்று மற்ற ஐந்துக்கும் அளவுகோலானது.

கேமரா படத்தை இன்றைய நிலையில் பதிவு செய்யும். கணினி அதைப் பழைய நிறத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடும். வித்தியாசம் ஓர் ஒளிப்படமாக மாறி, கித்தானின்மேல் மிகத் துல்லியமாகப் பொருந்தி விழும். ஒளிக்கே நிறத்தை வெளுக்கும் குணம் இருப்பதால் எவ்வளவு விழலாம் என்பதையும் கணக்கிட்டார்கள். இதில் என்னை மிகவும் தொட்ட விஷயம், ராத்கோவின் தூரிகைத் தடம் ஒவ்வொன்றும் அவர் விட்ட இடத்திலேயே இருக்கிறது. நாம் பார்க்கும் பரப்பு அவர் கை பட்ட பரப்பு. புதிதாகச் சேர்ந்தது ஸ்விட்ச் போட்டால் வரும், அணைத்தால் போய்விடும்.

இதை ஏற்காதவர்களும் உண்டு. நீங்கள் பார்ப்பது ஓவியமா, ஓவியத்தின்மேல் விழுந்த புகைப்படமா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ராத்கோவின் சிவப்பு அடுக்குகளுக்குள் போய்த் திரும்பும் ஒளியால் ஆனது. புரொஜெக்டரின் சிவப்பு மேலே வந்து படியும் ஒளி. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஐந்து படங்களும் மறுபடி ஒன்றோடொன்று பேசுவதைப் பார்க்க இதைத் தவிர வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு: இந்த முறை எதையும் மறைக்கவில்லை. ஒளிக்கற்றைக்குள் கையை நீட்டினால் போதும், எது சேர்க்கப்பட்டது என்பது உங்கள் உள்ளங்கையிலேயே தெரிந்துவிடும்.

டேட்டில் நடந்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. 2012 அக்டோபரில் ஒரு பார்வையாளர் சீக்ரம் வரிசையின் 'பிளாக் ஆன் மரூன்' படத்தின் மூலையில் மையால் எழுதிவிட்டார். மை பல அடுக்குகளுக்குள் இறங்கியிருந்தது. ராத்கோ குடும்பம், அவரே அந்தக் காலத்தில் அரக்கு பூசிவைத்த ஒரு கித்தானைச் சோதனைக்கென்று கொடுத்தது. அதில் அதே மையை இட்டு, எந்தக் கரைப்பான் மையை மட்டும் எடுக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பதினெட்டு மாதம் பாடுபட்டு, 2014 மே மாதம் படத்தைச் சுவருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே வெளியிலிருந்து ஒன்று வந்து சேர்ந்திருந்தது, அதை எடுக்க வேண்டும். ஹார்வர்டில் உள்ளே இருந்தது போய்விட்டது. அதை எடுத்துவர யாராலும் முடியாது, அதன் இடத்தைக் காட்டலாம்.

2014 நவம்பரில், புதுப்பித்துத் திறக்கப்பட்ட ஹார்வர்ட் கலை அருங்காட்சியகத்தில் காட்சி தொடங்கியது. சுவருக்கு ராத்கோ தேர்ந்த அதே பச்சைச் சாயல். ஐந்து படங்களும் விருந்து அறையில் இருந்த வரிசையில். 2015 ஜூலைவரை நடந்தது. நாள்தோறும் மாலை நான்கு மணிக்குப் புரொஜெக்டர்களை அணைத்துவிடுவார்கள். அரக்கு மெல்ல விலகும். நீலமும் சாம்பலும் கலந்த வெளுத்த கித்தான், பத்தாம் மாடி வெயில் விட்டுவைத்தபடி, அருங்காட்சியகம் மூடும்வரை அப்படியே தெரியும்.